பவுலுக்கே மூன்று பேர்

மதுரை காளவாசல் பைபாஸ் ரோட்டு மண்டபம் ஒன்றில் போன மாதம் போதகர்களுக்கான தலைமைத்துவக் கருத்தரங்கு நடந்தது. ஊழியத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் எழுந்து, "ஐயா, சபையில் சிலர் காணிக்கைக் கணக்கைக் காட்டச் சொல்றாங்க. என்ன பதில் சொல்லட்டும்?" என்று கேட்டார். மேடையில் இருந்தவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அபிஷேகம் பெற்றவனைத் தொடாதேன்னு சொல்லுங்க தம்பி. அப்புறம் எவனும் வாயைத் திறக்க மாட்டான்." மண்டபமே ஆமென் போட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

போதகரைக் கேள்வி கேட்பது கடவுளையே கேட்பதாகும் என்ற இந்த நம்பிக்கைதான் நம் சபைகளை உள்ளிருந்து அரிக்கிறது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 105ஆம் சங்கீதம். அதை முழுதாகப் படித்தவர் எத்தனை பேர்? சொந்த நிலமில்லாமல் தேசம் தேசமாக அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்தை ராஜாக்கள் ஒடுக்கிவிடாதபடி கடவுள் காத்ததை அந்தச் சங்கீதம் பாடுகிறது. பலவான்களிடமிருந்து நாதியற்றவர்களைக் காத்த வார்த்தை அது. அதைப் பிடுங்கி, பத்து ரூபாய் காணிக்கை போடும் விதவையிடமிருந்து போதகரைக் காக்கும் வேலியாக நட்டுவிட்டார்கள்.

பவுலைப் பாருங்கள். எருசலேமில் வறுமையில் வாடிய விசுவாசிகளுக்காக அவர் பல சபைகளில் பணம் திரட்டினார். 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரம் அந்தப் பணத்தைப் பற்றியதுதான். பையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போனாரா? தீத்துவை அனுப்புகிறார். சபைகளே தேர்ந்தெடுத்த சகோதரர் ஒருவரையும் கூட அனுப்புகிறார். அதுவும் போதாதென்று, பலமுறை சோதித்தறிந்த இன்னொருவரையும் சேர்க்கிறார். இந்தப் பெருந்தொகை விஷயத்தில் ஒருவரும் தன்மேல் குறை சொல்ல இடம் வரக்கூடாது, கர்த்தருக்கு முன் நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது, மனிதருக்கு முன்பும் அப்படி இருக்க வேண்டும் என்று காரணத்தையும் அவரே சொல்லிவிடுகிறார்.

தமஸ்கு சாலையில் கிறிஸ்துவையே சந்தித்த பவுலுக்கு, பணம் என்று வந்தால் மூன்று பேர் வேண்டியிருந்தது. பொன்மேனியில் வாடகை மாடியில் சபை நடத்துகிறவருக்கு ஒருவர்கூட வேண்டாமா? காணிக்கைப் பையைத் திறப்பதும் எண்ணுவதும் வங்கியில் போடுவதும் போதகரும் அவர் மனைவியும் மட்டும்தானா? கியூஆர் கோடு அட்டையில் போதகரின் சொந்தக் கணக்கு. டிரஸ்ட் பத்திரத்தில் குடும்பத்தார் பெயர். பவுலை விடவா அபிஷேகம் இறங்கிவிட்டது?

மதுரை மண்ணுக்குக் கேள்வி கேட்பது புதிதும் அல்ல. 1834இல் இங்கு பணி தொடங்கிய அமெரிக்கன் மிஷன், சபை கூடிப் பேசி முடிவெடுக்கும் மரபிலிருந்து வந்தது. அந்த மரபில் பிஷப்பே கிடையாது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, பிஷப் பதவியை இந்த மரபினர் ஏற்றார்கள். ஆனால் விதிகளுக்கும் மன்றங்களுக்கும் கட்டுப்பட்ட பிஷப்பைத்தான் ஏற்றார்கள். மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பேராயரான லெஸ்லி நியூபிகின் அன்று 37 வயதுக்காரர், பின்னாளில் உலகமே படித்த இறையியலாளர். அவரும் அந்தக் கட்டுக்குள் நின்றுதான் பேராயராக இருந்தார்.

காளவாசலுக்குப் பக்கத்திலேயே, அரசரடியில், 1969 முதல் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. மாணவர்களை வளாகத்துக்கு வெளியே, எளியவர்களின் குடியிருப்புகளில் தங்கவைத்துப் பயிற்சி கொடுத்த கல்லூரி அது. 'பரட்டை' என்று அழைக்கப்பட்ட தியாபிலஸ் அப்பாவு அங்கேதான் பாடம் நடத்தினார், கிராமத்து மெட்டுகளில் வழிபாட்டுப் பாட்டுக் கட்டினார். போதகர் சனங்களிடம் கற்க வேண்டியவர் என்பது அந்தக் கல்வியின் அடிப்படை. அதே ஏரியாவில் மண்டபம் பிடித்து, சனங்களின் வாயை அடைப்பது எப்படி என்று வகுப்பெடுக்கிறார்கள்.

வெளிநாட்டுக் காணிக்கை வாங்கும் அமைப்புகள் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு ஆண்டும் மத்திய அரசுக்குக் கணக்கு அனுப்பியாக வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டில்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். அப்போது யாரும் அபிஷேகத்தைப் பற்றிப் பேசக் காணோம். டில்லி அதிகாரிக்குக் கைகட்டிக் கணக்குக் காட்டுகிறவர்கள், பெத்தானியாபுரத்தில் காய்கறி விற்றுத் தசமபாகம் கொடுக்கும் அம்மாவுக்குக் காட்ட மாட்டார்களாம்.

பழைய சபைக்காரர்களும் இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட வேண்டாம். உங்களிடம் விதிப்புத்தகம் இருக்கிறது, கமிட்டி இருக்கிறது, பொருளாளர் இருக்கிறார். இருந்தும் தேர்தல் தகராறும் சொத்துத் தகராறும் உயர்நீதிமன்றப் படியேறுகின்றன. உள்ளேயே கேட்க விட்டிருந்தால் சபையார் ஏன் வெளியே போகிறார்கள்? கிராமத்து உபதேசியார் சொற்பச் சம்பளத்தில் காலம் தள்ளும்போது, பதவிக்காரர் பிறந்தநாளுக்கு ஃபிளெக்ஸ் வைக்க எங்கிருந்து பணம் வருகிறது?

அப்பா சபையை மகன் கையில் கொடுக்கும் பழக்கத்துக்கும் வேதத்தில் பதில் இருக்கிறது. சாமுவேல் தன் மகன்களை நியாயாதிபதிகளாக்கினார். அவர்கள் பரிதானம் வாங்கினார்கள், சனங்கள் ராஜாவைக் கேட்கும் நிலை வந்தது. ஆனால் அதே சாமுவேல் முதிர்வயதில் சனங்கள் முன் நின்று, நான் யாருடைய மாட்டைப் பறித்தேன், யாரை ஒடுக்கினேன், சொல்லுங்கள் என்று தானாகவே கேட்டார். அபிஷேகம் பண்ணப்பட்ட ராஜா சவுல் பக்கத்திலிருக்க, அந்த அபிஷேகத்தைச் செய்த கையே கணக்கு ஒப்புவித்தது.

அந்தத் தம்பிக்கு மேடை சொல்லாத பதில் இதுதான். ஆராதனை முடிந்ததும், உங்கள் உறவினரல்லாத இரண்டு பேர் சபையார் முன்னிலையில் காணிக்கையை எண்ணிக் கையெழுத்துப் போடட்டும். வங்கிக் கணக்கு சபையின் பெயரில், இரண்டு கையெழுத்தோடு இருக்கட்டும். வருடக் கணக்கைத் தணிக்கை செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். உங்கள் சம்பளத்தைச் சபை கூடி நிர்ணயிக்கட்டும். எருசலேமில் விதவைகளின் பந்தியைப் பற்றி முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர்கள் யாரையும் சபிக்கவில்லை. சபையையே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள்.

விசுவாசிகளே, கேளுங்கள். சாபம் வரும் என்று பயமுறுத்தினால் அசையாமல் நின்று கேளுங்கள். கணக்குக் காட்ட மறுக்கிறவரிடம் 2 கொரிந்தியர் 8ஐத் திறந்து காட்டுங்கள். பவுலுக்கே மூன்று பேர். நம் போதகருக்கு ஒருவரும் வேண்டாமென்றால், அவர் வணங்கும் கடவுள் பவுல் வணங்கிய கடவுள் அல்ல.