சிங்கப்பூர் வீடு: விலைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற நிலம்

"சிங்கப்பூர் மாதிரி ஆக்கிக் காட்டுறோம்!" இந்த வசனத்தை ஒரு தடவையாவது கேட்காம நம்ம ஊர்ல யாரும் வளர்ந்திருக்க மாட்டாங்க. சொல்றவங்க காட்டுற படமும் ஒண்ணுதான்: பளபளன்னு ரோடு, வரிசையா நிக்கிற அடுக்குமாடி வீடுகள். ஆனா அதே வீடுகளைப் பத்தி அந்த நாட்டு நாடாளுமன்றத்துல எதிர்க்கட்சிக்காரங்க எழுந்து நின்னு என்ன கேட்டாங்கன்னு யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்காங்களா? எனக்குத் தெரிஞ்சு, படம் காட்டுறவங்க யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்புறதே இல்லை.

அந்தப் பக்கத்தைத்தான் இங்க திருப்பப் போறேன். வீடே கட்டாத அரசைக் கேள்வி கேக்கிறது சுலபம். நல்லாவே கட்டித் தர்ற ஒரு அரசைக் கேள்வி கேக்கிறதுதான் கஷ்டம். என் கருத்துப்படி, இந்த ரெண்டாவது கேள்விதான் அதிகம் தேவை.

முதல்ல நியாயமா, சாதனையைச் சொல்லிடுவோம். சிங்கப்பூர்ல வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ல தொடங்குச்சு. அடுத்த வருஷமே புக்கிட் ஹோ ஸ்வீ பகுதியில நடந்த தீ விபத்துல சுமார் 16,000 பேர் வீடிழந்தாங்க. கழகம் முதல் 5 வருஷத்துல 50,000க்கும் மேல வீடு கட்டிச்சு. இன்னைக்கு அந்த நாட்டுல வசிக்கிறவங்கள்ல பத்துக்கு எட்டு பேர் அளவுக்கு இந்தக் கழக வீடுகள்லதான் இருக்காங்க. அவங்கள்லயும் பெரும்பாலானவங்க வாடகைக்கு இல்ல, சொந்தமா வாங்கி இருக்காங்க. மாதத் தவணையை மத்திய சேம நிதியிலிருந்து கட்டலாம். நம்ம பிஎஃப் மாதிரின்னு வச்சுக்கோங்க. இதைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல.

சரி, அப்புறம் எதிர்க்கட்சிக்கு என்ன பிரச்சனை?

நிலத்தோட கணக்கு

2023 பிப்ரவரி 6, 7 தேதிகள்ல சிங்கப்பூர் நாடாளுமன்றத்துல வீட்டுக் கொள்கை பத்தி ரெண்டு தீர்மானங்கள் விவாதத்துக்கு வந்துச்சு. ஒண்ணு அரசுத் தரப்பு, தேசிய வளர்ச்சி அமைச்சர் டெஸ்மண்ட் லீ கொண்டு வந்தது. இன்னொண்ணு சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியோட லியோங் மன் வாய், ஹேசல் புவா ரெண்டு பேரும் கொண்டு வந்தது. இவங்க தொகுதியில ஜெயிச்சு வந்தவங்க இல்ல. தோத்த எதிர்க்கட்சி வேட்பாளர்கள்ல அதிக வாக்கு வாங்கினவங்களுக்குக் கொடுக்கிற தொகுதியில்லா உறுப்பினர் இடத்துல உட்கார்ந்திருந்தவங்க.

விவாதம் நடந்த நேரத்தைக் கவனிங்க. மறுவிற்பனை வீடுகளோட விலை 2021ல 12.7 சதவீதம், 2022ல 10.4 சதவீதம் ஏறியிருந்துச்சு. 2022ல மட்டும் 369 கழக வீடுகள் பத்து லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு மேல கைமாறியிருந்துச்சு. கொரோனாவால கட்டுமானமும் தாமதம். கல்யாணம் பண்ணிக்கலாம்னு நினைச்ச ஜோடிகள் வீட்டுச் சாவிக்காக வருஷக்கணக்கா காத்திருந்தாங்க.

லியோங் வச்ச யோசனை இதுதான். புது வீடு வாங்குறவர் கட்டுமானச் செலவையும், இடத்துக்கு ஏத்த ஒரு சின்ன கூடுதல் தொகையையும் மட்டும் கட்டட்டும். நிலத்தோட விலையை ஒரு கணக்குல எழுதி வைங்க. அவர் வீட்டை வித்தா அன்னைக்கு வட்டியோட வாங்கிக்கோங்க. கடைசிவரை அங்கேயே வாழ்ந்தா, வாங்க வேண்டாம்.

இது ஏன் பெரிய விஷயம்? சிங்கப்பூர் நிலத்துல சுமார் 90 சதவீதம் அரசோடது. அதுல ஒரு பெரிய பங்கு 1966 நில எடுப்புச் சட்டத்துக்கு அப்புறம் சந்தை விலையை விடக் குறைஞ்ச இழப்பீட்டுக்கு எடுத்தது. முழு சந்தை மதிப்பை இழப்பீடாக் கொடுக்கிற முறை 2007லதான் வந்துச்சு. ஆனா அதே அரசு வீடு கட்டுறப்ப, கழகம் அந்த நிலத்துக்கு இன்னைய சந்தை மதிப்பைக் கட்டணும். அந்தப் பணம் நாட்டோட கையிருப்பு நிதிக்குப் போயிடும். வீட்டை வாங்குறவருக்குக் கிடைக்கிறதோ 99 வருஷக் குத்தகை. அது முடிஞ்சா நிலம் திரும்ப அரசுக்கே.

இப்ப நம்ம பாஷைல சொல்றேன். புது வீட்டோட விலை கட்டின செலவுல இருந்து வர்றதில்ல. சுத்துவட்டார மறுவிற்பனை விலையைப் பார்த்து ஒரு சந்தை மதிப்பு போட்டு, அதுல மானியத்தைக் கழிச்சு விலை வைக்கிறாங்க. மறுவிற்பனை விலை ஏறினா அந்த மதிப்பும் ஏறும், நிலத்தோட மதிப்பும் ஏறும். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்குப் புரியும், இது பாசிட்டிவ் ஃபீட்பேக். அரசு மானியத்தைக் கூட்டிக் கூட்டி அதை அடக்கிட்டு வருது. அப்புறம் கழகத்துக்கு நஷ்டம்னு அறிக்கை வருது. 2022-23 நிதியாண்டுல மட்டும் 500 கோடி சிங்கப்பூர் டாலருக்கும் மேல. எதிர்க்கட்சி கேட்டது: அந்த நஷ்டக் கணக்குல, அரசே அரசுக்குக் கட்டிக்கிட்ட நில விலையும் இருக்கே, அதை எப்படி மானியம்னு சொல்றீங்க?

அரசோட பதில் லேசானது இல்ல

டெஸ்மண்ட் லீ இதை நேரடியா எதிர்த்தார். நிலம் நாட்டோட சொத்து, அதை மதிப்புக்குக் கீழ கொடுத்தா கையிருப்பை எடுத்துச் செலவழிக்கிறதும் இதுவும் ஒண்ணுதான்ங்கிறது அவர் வாதம். கடந்தகாலக் கையிருப்புல கை வைக்க அதிபரோட ஒப்புதல் வேணும். அந்தக் கையிருப்பு முதலீடுகள்ல இருந்து வர்ற வருமானம்தான் அந்த நாட்டு பட்ஜெட்டுக்கு சுமார் ஐந்தில் ஒரு பங்கைத் தருது. பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் அதுல நடக்குது. இன்னைக்கு வாங்குறவருக்குக் குறைச்சா நாளைக்குப் பிறக்கிறவர் பங்கு குறையும். புது வீடு ரொம்ப மலிவாயிட்டா, ஏற்கனவே வீடு வச்சிருக்கிறவங்க சொத்து மதிப்பும் விழுந்துடும்.

இதுல கடைசி வாதம்தான் முடிச்சு. வீட்டைச் சொத்தா நினைக்கச் சொல்லி, ஓய்வுகாலச் சேமிப்பையே அதுல போடச் சொல்லி ஒரு தலைமுறையைப் பழக்கியாச்சு. அவங்களுக்கு விலை ஏறணும். அவங்க பிள்ளைங்களுக்கு விலை இறங்கணும். ஒரே வீட்டு ஹால்ல ரெண்டு எதிரெதிர் ஆசை! இதுல 99 வருஷக் குத்தகை தேயத் தேய மதிப்பும் கரையும்னு 2017ல அப்போதைய அமைச்சர் லாரன்ஸ் வோங் வெளிப்படையாச் சொன்னப்ப பலர் அதிர்ந்து போனாங்க. அது ஒப்பந்தத்துல முதல்ல இருந்தே இருந்த விஷயம்தான். ஆனா பழைய வீட்டையெல்லாம் அரசு எடுத்துக்கிட்டுப் புதுசு கொடுத்துடும்னு நம்பியிருந்தவங்க நிறைய.

என் நிலைப்பாடு என்னன்னு கேட்டா, லியோங்கோட திட்டத்துல ஓட்டைகள் இருக்கு. மறுவிற்பனைச் சந்தை அதைத் தாங்குமான்னு அவர் திருப்தியா விளக்கலன்னுதான் நினைக்கிறேன். ஆனா கேள்வி சரியானது. 25 வருஷம் வரைக்கும் கடன் கட்டப் போற ஒரு ஆளுக்கு, தான் கட்டுறதுல எவ்வளவு சிமெண்ட்டுக்கு, எவ்வளவு நிலத்துக்குன்னு ஒவ்வொரு திட்டத்துக்கும் பிரிச்சுக் காட்டுற ஒரு பில் வேணும். ஹோட்டல்ல ரெண்டு இட்லி சாப்பிட்டாக்கூட வரியைத் தனியாப் போட்டுத் தர்றாங்களே!

தீர்மானம் என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? தோத்துப் போச்சு. மக்கள் செயல் கட்சிக்கு அவையில இருந்த பெரும்பான்மைக்கு வேற முடிவு வர வாய்ப்பே இல்ல.

வீடு யாருக்கு?

விலை ஒரு பாதின்னா, யார் வாங்கலாம்ங்கிறது இன்னொரு பாதி. கல்யாணம் ஆகாதவங்க 35 வயசு வரைக்கும் காத்திருக்கணும். அதை 28 ஆக்குங்கன்னு பாட்டாளிக் கட்சி கேட்டுட்டே இருந்துச்சு. வயசை அரசு இறக்கல. ஆனா ஒரு கதவு திறந்துச்சு: முன்னாடி சில பகுதிகள்ல மட்டும் புது ஈரறை வீடு வாங்க முடிஞ்ச தனியாட்கள், 2024 பிற்பாதியிலிருந்து எல்லாப் பகுதியிலயும் விண்ணப்பிக்கலாம்னு ஆச்சு.

அப்புறம் இன விகிதம். 1989ல இருந்து ஒவ்வொரு புளோக்குலயும் எந்த இனத்தவர் எத்தனை சதவீதம் இருக்கலாம்னு உச்சவரம்பு உண்டு. தமிழர்கள் உட்பட இந்தியர்களுக்கும் மற்ற சிறுபான்மையினருக்கும் சேர்த்து ஒரு புளோக்குல இப்ப 15 சதவீதம். நோக்கம் நல்லது, இனத்துக்கொரு பேட்டை உருவாகக் கூடாது. ஆனா விளைவைப் பாருங்க. ஒரு புளோக்குல சீனர் அளவு நிரம்பியிருந்தா, அங்க இருக்கிற ஒரு தமிழர் தன் வீட்டைச் சீனருக்கு விக்க முடியாது. வாங்க வர்ற கூட்டமே சின்னதாயிடும், விலையும் குறையும். ஒற்றுமைக்கான செலவைச் சிறுபான்மைக் குடும்பமே தன் பாக்கெட்டுல இருந்து கட்டுது. பாட்டாளிக் கட்சித் தலைவர் பிரீதம் சிங்கும் அவர் கட்சியும் இதைத் திரும்பத் திரும்ப அவையில கிளப்பினாங்க. கொள்கை போகல. ஆனா 2022ல, ரொம்ப நாளா வீடு வச்சிருந்து இந்த விதியால விக்க முடியாம தவிக்கிறவங்ககிட்ட இருந்து கழகமே வாங்கிக்கிற வழி வந்துச்சு.

இதெல்லாம் எதிர்க்கட்சியாலதான் நடந்துச்சுன்னு நான் பட்டம் கட்டல. அரசுக்கும் தன் கணக்கு உண்டு. ஆனா யாருமே கேட்காத ஒரு குறை அரசோட மேசைல எத்தனை வருஷம் தூங்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

கேட்டதுக்கு விலை

இது புதுக் கதையும் இல்ல. 1981 ஆன்சன் இடைத்தேர்தல். துறைமுக விரிவாக்கத்துக்காகக் குடியிருப்பைக் காலி பண்ண வேண்டிய நிலைமையில இருந்த பிளேர் பிளெய்ன் மக்கள், மாற்று வீட்டுக்கு முன்னுரிமை இல்லன்னு கொதிச்சுப் போயிருந்தாங்க. யாழ்ப்பாணத்துல பிறந்த தமிழரான ஜே.பி. ஜெயரத்னம் 653 வாக்கு வித்தியாசத்துல ஜெயிச்சார். சுதந்திரத்துக்கு அப்புறம் தேர்தல்ல ஜெயிச்ச முதல் எதிர்க்கட்சிக்காரர் அவர்தான். பின்னாடி, 1997 தேர்தல்ல, ஆளுங்கட்சிக்கு ஆதரவு தர்ற பகுதிகளுக்குத்தான் வீட்டு மேம்பாட்டுல முன்னுரிமைன்னு பிரதமர் கோ சோக் தோங் வெளிப்படையாவே சொன்னார். எதிர்க்கட்சியைத் தேர்ந்தெடுத்த பொத்தோங் பாசிரும் ஹவ்காங்கும் வரிசைல கடைசியா நின்னுச்சு. அப்படியும் பொத்தோங் பாசிர் மக்கள் சியாம் சீ தோங்கை 1984ல இருந்து 2011 வரைக்கும் அனுப்பிட்டே இருந்தாங்க. லிஃப்ட்டை விடக் கேள்வி முக்கியம்னு 27 வருஷம் ஓட்டுப் போட்ட ஜனம் அது.

2025 மே மாசத் தேர்தல்ல லியோங் கட்சிக்கு ஒரு இடமும் கிடைக்கல. கேள்வி கேட்டவர் இன்னைக்கு அவையிலயே இல்ல. ஆனா அதே வருஷம் புது அமைச்சர் சீ ஹொங் டாட், தனியாட்களுக்கான வயசு வரம்பைப் பரிசீலிக்கிறோம்னு பேசினார்.

அதனால அடுத்த தடவை யாராவது உங்ககிட்ட சிங்கப்பூர் வீட்டுப் படத்தை நீட்டினா, "எத்தனை மாடி"ன்னு கேக்காதீங்க. நிலத்துக்கு யார் கட்டினது, யாருக்கு இந்த வீடு கிடைக்காது, விக்கணும்னா யாருக்கு விக்கலாம்னு கேளுங்க. இதைக் கேட்டதால அங்க யாரும் தேசத்துரோகி ஆயிடல. ரெண்டு நாள் விவாதம் நடந்து, அமைச்சரே கணக்கைத் தூக்கிட்டு வந்து பதில் சொன்னார். நாம இறக்குமதி பண்ண வேண்டிய சிங்கப்பூர் அதுதான்னு நான் நினைக்கிறேன். நீங்க வேற மாதிரி நினைச்சா, அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க. சண்டை போடலாம்.