வாடகை வீட்டில் சாகக் கூடாதாம்!

குடக்கூலி கொடுக்கிறோம், குடியிருக்கலாம். குழந்தை பெறலாம், அதற்கும் முகஞ்சுளிப்போர் உண்டு. ஆனால் சாக மட்டும் கூடாதாம்!

சென்னையில் நாம் அறிந்த குடும்பம் ஒன்று. ஆறாண்டு ஒரே வீட்டில் இருந்தவர்கள். ஒரு திங்களும் வாடகை தவறியவர்கள் அல்லர். மருத்துவமனையில் மூதாட்டி கண்மூடினார். உடலை ஏற்றிய வண்டி தெருமுனையில் நிற்கிறது. வீட்டுக்காரரோ வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு நிற்கிறார். "வீடு தீட்டாகிவிடும், நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்கிறார். பெற்ற மகன் கெஞ்சினான். பயனில்லை. நடுத்தெருவில் மாலை விழுந்தது.

அத்தோடு தீர்ந்ததா? பதினாறாம் நாள் புரோகிதர் வந்தார்; புண்ணியாகவாசனம் நடந்தது; செலவு முழுவதும் முன்பணத்தில் கழிக்கப்பட்டது. பிணம் உள்ளே வரவேயில்லையே, தீட்டு மட்டும் எவ்வழியே நுழைந்தது என்று மகன் கேட்டான். "உறவுத் தீட்டு" என்றாராம்! ஆறாண்டாக இல்லாத உறவு, அன்று முளைத்த உறவு! அந்தக் கையிலிருந்து வாங்கிய வாடகைப் பணத்துக்குத்தான் என்றுமே தீட்டில்லை.

அவர் அக்கிரகாரத்துக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள், இளைஞர்களே! நம்மவர். கூடத்தில் பெரியார் படம் மாட்டியிருப்பவர். இதை எழுதக் கை கூசுகிறது, ஆயினும் எழுதுகிறோம்.

கேள்வி கேட்ட குற்றத்துக்குத் தண்டனையும் கிடைத்தது. மறுவாரமே மோட்டார் 'பழுதாயிற்று', மாடிக் குடித்தனத்துக்கு மட்டும்! குடிநீரை மறித்துக் குடியை எழுப்பும் இந்தக் குறுக்குவழி புதிதன்று. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே இதைத் தடுத்தது. அதன் இடத்தில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். உடனே திருப்பி வழங்குமாறு அவர் இடைக்கால ஆணை இடலாம். காலி செய்த ஒரு திங்களுக்குள், உரிய பாக்கி போக, முன்பணம் திரும்ப வேண்டும். தர்ப்பையும் தட்சிணையும் எந்தக் கணக்கில் குடியிருப்போரின் பாக்கி?

சட்டம் இருக்கிறது; ஆனால் கையில் எழுத்து வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கவேண்டும். இங்கேதான் வீட்டுக்காரர் நழுவுகிறார். பால் காய்ச்ச நல்ல நேரம் பார்ப்பார், ஆடியில் குடிவரக் கூடாது, மார்கழியில் கூடாது என்பார், ஒப்பந்தத்தைப் பதியச் சொன்னால் மட்டும், "நமக்குள் என்ன எழுத்து?" என்பார். பல குடும்பங்கள் அந்த இனிய சொல்லில் மயங்கி, பின்னர் ரசீதுகூட இல்லாமல் தெருவில் நிற்கின்றன. அவர்களை ஏமாளிகள் என்று பழிக்க நமக்கு வாய் வரவில்லை. வீடு கிடைப்பதே அரிதாயிருக்கையில் எவர் வாதாடுவார்?

நாம் சொன்ன குடும்பத்துக்கு எழுத்து உண்டு, பதிவும் உண்டு. தண்ணீரின்றிப் பத்து நாள் தவித்து அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். ஒரு திங்கள் கடந்தும் முன்பணம் வரவில்லை. மனு எழுதியாயிற்று. புண்ணியாகவாசனச் செலவைத் தனி வரியாகவே குறித்திருக்கிறோம். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு அவர்களோடு நாமும் போகிறோம்.