மாத்திரையைக் கேட்கிறோம், உறக்கத்தைக் கேட்பதில்லை

“ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவில்லை, டாக்டர். நானே கையில் கொடுத்து, விழுங்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.” சென்ற ஆண்டு, இருமுனை மனநிலைக் கோளாறு உடைய தம் மகனை அழைத்து வந்த ஒரு தாய் சொன்னது இது. அவர் சொன்னது உண்மையே. இரத்தத்தில் லித்தியத்தின் அளவு இருக்க வேண்டிய வரம்பிற்குள்தான் இருந்தது. ஆயினும் அந்த இளைஞர் இடைவிடாது பேசிக்கொண்டிருந்தார். கையிருப்பை எல்லாம் வாரி வழங்கியிருந்தார். நான்கு ஆண்டுகளாகத் தலைகாட்டாத எழுச்சி நிலை திரும்பியிருந்தது.

நடந்தது இதுதான். தங்கைக்குத் திருமணம். முகூர்த்தம் அதிகாலை நாலரை மணிக்கு. பந்தல், சமையல், வெளியூர் உறவினரை அழைத்து வருதல் என்று மூன்று இரவுகள், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே அவர் உறங்கியிருக்கிறார். “எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறான்!” என்று வீடே மகிழ்ந்திருக்கிறது. திருமணத்திற்கு முந்தைய மாதம் அழைப்பிதழைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நானும் வாழ்த்தி அனுப்பினேன். அந்த இரவுகளை எப்படிக் கழிக்கப்போகிறீர்கள் என்று கேட்கவில்லை. தவறு என்னுடையது.

இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியில், ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு தொகுதி இருக்கிறது. உறக்கம், உடல் வெப்பம், சுரப்பிகளின் வேலை ஆகியவற்றுக்கு நேரம் குறிப்பது அதுவே. அதன் சுற்று பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. நாள்தோறும் கண்ணில் படும் காலை ஒளிதான் அதனைத் திருத்தி வைக்கிறது. இரவில் படும் ஒளியோ அதனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. இருளில் சுரக்க வேண்டிய மெலடோனினையும் குறைக்கிறது. பெரும்பாலோர் ஓரிரு இரவுகள் கெட்டாலும் சமாளித்துக்கொள்வர். இருமுனைக் கோளாறு உடையவரிடம் இந்தக் கடிகாரம் எளிதில் குலைகிறது. கடிகாரம் குலைந்தால் மனநிலையும் குலைகிறது.

உறக்கக் குறைவு இந்நோயின் அறிகுறி மட்டும் அன்று, அதனைத் தூண்டும் காரணமும் ஆகும். இங்கே குடும்பத்தினர் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். உறக்கம் வராமல் புரள்பவர் மறுநாள் சோர்ந்திருப்பார். இரண்டு மணி நேரம் உறங்கிவிட்டு, களைப்பே இன்றி, வழக்கத்தைவிட உற்சாகமாக ஒருவர் எழுந்து நடமாடினால் அதனை நலம் என்று கொள்ளாதீர்கள். இப்படி இரண்டு இரவுகள் கழிந்தாலே எங்களை அழையுங்கள். அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்க வேண்டா.

வட ஐரோப்பா போன்ற பகுதிகளில் குளிர்காலப் பகல் மிகக் குறுகியது. அங்கே பருவத்தோடு வரும் மனச்சோர்வைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. நம் நோயாளிகள் இழந்துகொண்டிருப்பது இரவை என்பதே என் கருத்து. கூடத்தில் நள்ளிரவு வரை எரியும் குழல்விளக்கு, ஓயாத தொலைக்காட்சி, போர்வைக்குள் ஒளிரும் கைப்பேசி, வாரத்துக்கு வாரம் மாறும் வேலை முறை. ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் இவற்றை எல்லாம் நிறுத்துவது எளிதன்று என்பதை அறிவேன். அங்கே ஒரு கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொள்வதுகூட உதவும்.

இது வெறும் ஊகம் அன்று. நார்வேயில் எழுச்சி நிலையில் இருந்த நோயாளிகளுக்கு, வழக்கமான மருந்துகளோடு, மாலை ஆறு மணி முதல் காலை எட்டு மணி வரை நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி அணிவித்துப் பார்த்தனர். 2016இல் அதன் முடிவு வெளிவந்தது. ஒரே வாரத்தில், சாதாரணக் கண்ணாடி அணிந்தவர்களைவிட அவர்களுடைய அறிகுறிகள் பெரிதும் தணிந்திருந்தன. சிறிய ஆய்வுதான், எனினும் புறக்கணிக்கத்தக்கதன்று. இருமுனை மனச்சோர்வோடு மிலானின் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தவர்களுள், காலை வெயில் விழும் கிழக்கு நோக்கிய அறைகளில் இருந்தோர் மேற்கு அறைகளில் இருந்தோரைவிடச் சராசரியாக மூன்றரை நாட்களுக்கு மேல் முன்னதாக வீடு திரும்பினர் என்று 2001இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

இதைப் படித்துவிட்டு 10,000 லக்ஸ் விளக்கு என்று இணையத்தில் விற்பதை வாங்கிவிடாதீர்கள். ஒளி சிகிச்சையும் மருந்து போன்றதே. இருமுனைக் கோளாறு உடையவரை அது எழுச்சி நிலைக்குத் தள்ளிவிடக்கூடும். பெரும்பாலோருக்கு நான் சொல்வது எளிய ஒன்று: விடுமுறையானாலும் ஒரே நேரத்தில் எழுந்து, சற்று நேரம் வாசலிலோ மொட்டைமாடியிலோ காலை வெளிச்சத்தில் இருங்கள். மாத்திரையை மட்டும் இதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

எங்கள் பக்கமும் குறை உண்டு. மருந்து கொடுக்கவும் இரத்த அழுத்தம் பார்க்கவும் வசதி என்று வார்டுகளில் விடிய விடிய விளக்கு எரிகிறது. உறங்கச் சொல்லும் மருத்துவமனையே உறங்க விடுவதில்லை. இரவு பத்து மணிக்குமேல் செவிலியர் மேசையிலும் நடைபாதையிலும் மட்டும் மங்கிய விளக்கு போதும் என்று கூட்டந்தோறும் சொல்லி வருகிறேன். நீங்களும் கருத்துப் பெட்டியில் எழுதினால் விரைவில் நடக்கும்.

சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண் விழிக்கலாமா என்று சிலர் தயங்கியபடி கேட்பர். மாலையில் வழிபட்டுவிட்டு வழக்கமான நேரத்தில் உறங்கிவிடுங்கள் என்றே சொல்கிறேன். திருமணங்கள் இதைவிடக் கடினம். உறவினருக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. நோயை மறைத்து வைத்திருக்கும் குடும்பங்கள் அதற்கு அஞ்சியே பிள்ளையை விடிய விடிய மண்டபத்தில் நிறுத்துகின்றன.

அந்தத் தாய் தை மாதத்தில் மீண்டும் ஓர் அழைப்பிதழோடு வந்தார். இம்முறை அண்ணன் மகளுக்குத் திருமணம். “முகூர்த்தத்துக்கு மட்டும் வந்தால் போதுமா, டாக்டர்?” என்று அவரே கேட்டார். முகூர்த்தம் ஆறு மணிக்குமேல். மண்டபத்திலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த சித்தப்பா வீட்டில் மகன் இரவு பத்து மணிக்குப் படுத்து, ஐந்தரைக்கு எழுந்து, குளித்துவிட்டுத் தாலி கட்டும் வேளைக்கு வந்து சேர்ந்தார். வரவேற்பில் பையனைக் காணோமே என்று கேட்டவர்களிடம் அந்தத் தாய் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று நான் கேட்கவில்லை.