வேலி மட்டும் போதுமா?

மகாராட்டிர மாநிலத்தின் சாத்தாரா நகருக்கு மேற்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மீது அமைந்துள்ளது காஸ் பீடபூமி. இது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1200 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோடையில் அங்குச் செல்வோர் காய்ந்த புல்லையும் வெற்றுப் பாறையையுமே காண்பர். தென்மேற்குப் பருவமழை பெய்தபின், ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை, அதே பாறைவெளி மலர்வெளியாகிவிடுகிறது. ஒரு வாரம் வெண்மை படர்ந்த இடத்தில் சில வாரங்களில் ஊதாவும், அதன்பின் மஞ்சளும் படர்கின்றன. 2012ஆம் ஆண்டு மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது, காஸ் பீடபூமியும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது.

இத்தகைய அரிய இடத்தைக் காப்பது எவ்வாறு? 'வேலியிட்டு, ஆடுமாடுகளையும் மனிதர்களையும் தடுத்துவிட்டால் போதும். எஞ்சியதை இயற்கையே பார்த்துக்கொள்ளும்' என்பது பலரும் கூறும் விடை. கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால், காஸ் பீடபூமியின் வரலாறு இவ்விடை முழுமையானது அன்று என்பதைக் காட்டுகிறது.

முதலில் அந்நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். அங்குள்ளது செந்நிறப் பாறை. அதன்மேல் படிந்துள்ள மண் மிக மெல்லியது. செடிக்கு வேண்டிய சத்தும் அதில் குறைவு. பெருமரங்கள் அங்கு வேரூன்ற இயலாது. விரலளவே உயரமுள்ள சிறு செடிகளுக்கு அதுவே வாய்ப்பாகிறது. மண்ணில் கிடைக்காத சத்தைச் சில செடிகள் பூச்சிகளிடமிருந்து பெறுகின்றன. அழுகண்ணிச் செடியின் இலைகளில் பனித்துளி போன்ற பசை மின்னும். அதில் அமரும் சிறு பூச்சி ஒட்டிக்கொண்டு செடிக்கு உணவாகும். ஊதா நிறப் பூவுடைய மற்றொரு சிறு செடி, ஈர மண்ணுக்குள் நுண்ணிய பைகளை வைத்து, நீரில் வாழும் சிற்றுயிர்களைப் பிடிக்கிறது. மராத்தி மக்கள் அதன் பூவைச் 'சீதையின் கண்ணீர்' என்னும் பொருள்பட அழைக்கின்றனர். மஞ்சள் இதழில் இரு சிவப்புப் புள்ளிகளுடன் பூக்கும் மற்றொரு செடியைச் சுற்றுலாப் பயணிகள் 'மிக்கி மவுஸ் பூ' என்பர்.

பூச்சிகள் இச்செடிகளுக்கு உணவாவதோடு நிற்பதில்லை. தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் மகரந்தத்தை ஒரு பூவிலிருந்து மற்றொரு பூவுக்கு எடுத்துச் செல்வதால்தான் பல செடிகளில் விதை உண்டாகிறது. மழை நின்றதும் செடி காய்ந்து மடிகிறது. விதை மண்ணில் தங்கி, அடுத்த மழைக்குக் காத்திருக்கிறது. ஆகவே, ஓராண்டில் பூச்சி குறைந்தால் மறு ஆண்டில் பூவும் குறையும்.

இந்த மலர்வெளியில் நெடுங்காலமாக மற்றோர் உயிரும் பங்கு கொண்டிருந்தது. அதுவே சுற்றியுள்ள சிற்றூர்களின் கால்நடை. மாடுகளும் எருமைகளும் புல்லை மேய்ந்தன. அதனால் உயர்ந்து வளரும் புல் கட்டுக்குள் இருந்தது. சிறு செடிகளுக்கு வெயில் கிடைத்தது. சாணத்தை வண்டுகள் உருட்டி மண்ணில் புதைத்தன.

பின்னர் காஸின் புகழ் பரவியது. விடுமுறை நாள்களில் பயணிகள் திரளாக வந்தனர். படம் எடுப்பதற்காகப் பூக்களின்மேல் நடந்தனர், சிலர் அமர்ந்தனர், சிலர் பறித்தனர். இதைத் தடுக்கக் கம்பிவேலி அமைக்கப்பட்டது. வேலி பயணிகளைத் தடுத்ததோடு கால்நடைகளையும் தடுத்தது. சில ஆண்டுகளில், வேலிக்குள் புல் உயர்ந்து பூக்கள் குறைந்துவிட்டன என்று உள்ளூர் மக்கள் முறையிட்டனர். வேலி விலங்குகளின் வழியை மறிப்பதாகவும் கூறப்பட்டது. இறுதியில் அந்நிலையான கம்பிவேலி அகற்றப்பட்டது.

புல் உயர்ந்தால் பூ ஏன் குறைய வேண்டும்? உயர்ந்த புல் நிழல் தருகிறது. வெயில் விரும்பும் சிறு செடி நலிகிறது. மேயப்படாத புல் காய்ந்து, வைக்கோல் மெத்தைபோல் நிலத்தை மூடுகிறது. அதன் அடியில் உள்ள விதை முளைத்தாலும் மேலே வர இயலுவதில்லை. ஊறு செய்ய எவரும் வராமலே மலர்வெளி மெல்லப் புல்வெளியாகிவிடக்கூடும்.

'அப்படியானால் எல்லாக் கால்நடைகளையும் எப்போதும் மேயவிடலாமே' என்று சிலர் கேட்கலாம். அதுவும் தவறே. மந்தை பெருகினால் குளம்புகள் மெல்லிய மண்ணைக் கலைத்துவிடும். சாணம் அளவுக்கு மிஞ்சினால் மண்ணில் சத்து மிகுந்து, புல்லே மேலும் செழிக்கும். பூ மொட்டுவிடும் காலத்தில் மேய்ந்தால் விதையே உண்டாகாது. மேலும், ஓராண்டுப் பூக்கள் குறைவதற்கு மழையின் மாறுபாடும் காரணமாகலாம். எனவே, எத்தனை மாடுகள், எந்த மாதத்தில், எவ்விடத்தில் என்பதே உரிய கேள்வி.

இக்கேள்வி காஸுக்கு மட்டும் உரியது அன்று. உத்தராகண்ட மாநிலத்தின் மலர்ப் பள்ளத்தாக்கு 1982ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கு மேய்ச்சலும் தடை செய்யப்பட்டது. பின்னர், ஆளுயரம் வளரும் ஒருவகைச் செடி அங்குப் பரவி, சிறு மலர்ச்செடிகளை மறைக்கத் தொடங்கியது. மேய்ச்சல் நின்றதே அதற்குக் காரணம் என்றனர் சிலர். வேறு சிலர் அதனை மறுத்தனர். காரணம் எதுவாயினும், அச்செடியை வனத்துறையினர் ஆள்வைத்துக் களைய வேண்டியதாயிற்று. காக்கப்பட்ட காட்டிலும் களையெடுக்கும் கை தேவைப்பட்டது.

ஆகவே, காஸ் போன்ற இடங்களில் மூன்று செயல்கள் வேண்டும். முதலாவது, பயணிகளின் எண்ணிக்கைக்கு வரம்பும், அவர்கள் நடப்பதற்குத் தனிப்பாதையும் வேண்டும். இரண்டாவது, பூக்கும் காலம் முடிந்து விதை உதிர்ந்தபின், அளவான மேய்ச்சலுக்கோ புல் அறுப்புக்கோ இடம் தர வேண்டும். மூன்றாவது, ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் பூக்களையும் பூச்சிகளையும் எண்ணிப் பதிவு செய்ய வேண்டும். அப்பதிவு இருந்தால்தான் எடுத்த முடிவு சரியா, தவறா என்று அறியலாம். இப்பணிகளில் உள்ளூர் மக்களைச் சேர்ப்பது அவர்களுக்குச் செய்யும் சலுகை அன்று. எந்தப் பூ எங்கே, எப்போது மலரும் என்பதை நன்கறிந்தவர்கள் அவர்களே.

காஸ் மலைப்பகுதியில் கார்வி என்னும் புதர்ச்செடி ஏழு, எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலகிரியில் பூக்கும் குறிஞ்சியின் உறவுச்செடி அது. இன்று பள்ளியில் பயிலும் ஒரு மாணவி அதன் அடுத்த பூப்பைக் காணும்போது கல்லூரியில் பயின்றுகொண்டிருக்கக்கூடும். அதுவரை ஆண்டுதோறும் அந்நிலத்தைக் கவனிப்பவர் இருந்தால்தான் அவள் அதைக் காண்பாள். வேலி போடுவது ஒருநாள் வேலை. கவனிப்பது ஆண்டுதோறும் தொடரும் வேலை.

சிந்தித்து எழுதுக
1. மேய்ச்சல் முற்றிலும் நின்றால் சிறு மலர்ச்செடிகள் குறைவது ஏன்?
2. அளவுக்கு மிஞ்சிய மேய்ச்சலால் விளையும் தீமைகள் யாவை?
3. நீ வாழும் ஊரில் வேலியிட்டுக் காக்கப்படும் பூங்கா அல்லது ஏரி ஒன்றைப் பற்றி, 'அதற்கு வேலி மட்டும் போதுமா?' என்னும் தலைப்பில் பத்து வரிகள் எழுதுக.