முருங்கைக்கீரை சொல்றதுக்கு முன்னாடி

பதிவு கொஞ்சம் நீளம்தான். வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு வீட்டுக்குப் போய் நிதானமா படிங்க.

கோயில் மண்டபத்தில் ஒரு பிள்ளை முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தா நம்ம ஆளுங்க சும்மா போக மாட்டாங்க. "என்னம்மா ரத்தமே இல்ல போல, முருங்கைக்கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு, பார்மசியில இரும்புச்சத்து மாத்திரை விக்குது, அத வாங்கிப் போடு" என்று ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வாங்க. பாசத்துல சொல்றதுதான், அதுல சந்தேகமே இல்லை. ஆனா கேட்கிற பிள்ளைக்கு தலசீமியா என்றால், இந்த வைத்தியம் தலைகீழ் வைத்தியம்.

எங்க தொண்டர் குழுவில் அப்படி ஒரு தங்கச்சி இருக்காங்க. பெயரும் தாமானும் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. எழுதச் சொன்னதும் அவங்கதான். அம்பாளுக்கு மாலை கட்டுறதில் அவங்க கை வேகம் எங்க யாருக்கும் கிடையாது.

தலசீமியா என்பது ஒட்டுகிற நோய் இல்லை. செய்வினையும் இல்லை, சாப்பாட்டுக் குறையும் இல்லை. ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினை உடம்பு சரியாகச் செய்ய முடியாமல் போகிற பிறவிக் குறை. கடுமையான வகை உள்ளவர்களுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை வேறொருவர் ரத்தம் ஏற வேண்டும், வாழ்நாள் முழுக்க. அந்த ரத்தத்தோடு இரும்பும் சேர்ந்தே உள்ளே போகுது. ஒரு பை ரத்தத்தில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு. நாம் சாப்பிடுகிற சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வது ஒன்றோ இரண்டோ மில்லிகிராம்தான். அப்போ கணக்குப் போடுங்க: ஒரே நாளில் இரண்டு பை ஏறினால், ஆறு மாதத்துக்கு மேல் சேர வேண்டிய இரும்பு அன்றைக்கே சேர்ந்துவிடும். அதிகமான இரும்பை வெளியேற்ற உடம்பில் வழியே கிடையாது. அது இருதயத்திலும் ஈரலிலும் ஹார்மோன் சுரப்பிகளிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் காலத்தில் இந்தப் பிள்ளைகளில் நிறைய பேர் இளவயதிலேயே போனதுக்கு முக்கியக் காரணம் இருதயத்தில் சேர்ந்த இரும்பு.

ஆக, தங்கச்சியின் போராட்டம் இரண்டு பக்கமும். ரத்தம் குறைஞ்சாலும் ஆபத்து, ஏத்தின ரத்தத்தின் இரும்பு தங்கினாலும் ஆபத்து.

சின்ன வயசில் அவங்களுக்கு இரும்பை இறக்க ஊசிதான். வயிற்றுத் தோலுக்கு அடியில் ஊசி குத்தி, ஒரு சின்ன பம்ப்போடு இணைத்து, ராத்திரி எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் மருந்து இறங்கணும். வாரத்தில் ஐந்து, ஆறு ராத்திரி. தூக்கத்தில் புரண்டால் ஊசி கழன்றுவிடும் என்று அவங்க அம்மா பக்கத்திலேயே படுத்திருப்பாங்களாம். இப்போ மாத்திரை வந்துவிட்டது, தினமும் போடணும். அதுக்கும் ரத்தப் பரிசோதனை, சிறுநீரகம், ஈரல், கண், காது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கிட்டே இருக்கணும்.

ரத்தம் ஏற்றும் நாள் முழு நாளும் போயிடும். காலையில் பொருத்தம் பார்க்க ரத்தம் எடுக்கணும், காத்திருக்கணும், ஒரு பை ஏறவே மூணு நாலு மணி நேரம் ஆகலாம், அப்புறம் இரண்டாவது பை. அரசாங்க மருத்துவமனையில் கட்டணம் பெரிசா இல்லை, அது நம்ம நாட்டில் உண்மையிலேயே பெரிய உதவி. ஆனா மாசா மாசம் ஒரு நாள் லீவு? ஜோகூர் பாரு ஆளுங்களுக்குச் சொல்லவே வேண்டாம். விடியக்காலை நாலு மணிக்குப் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறவங்க, ஷிப்ட் வேலை செய்றவங்க, எந்த முதலாளி மாசம் தவறாமல் எம்சி கொடுப்பார்? முதல் வேலையில் தங்கச்சிக்கு "நீ அடிக்கடி சீக்" என்று சொல்லி ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. இப்போ இருக்கிற இடத்தில் சனிக்கிழமை வேலை செய்து அந்த நாளை ஈடு கட்டுறாங்க. ரத்தம் ஏத்தின வாரம் நல்லா இருப்பாங்க. நாலாவது வாரம் கோயில் படி ஏறவே மூச்சு வாங்கும். அந்த வாரம் பார்த்து "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு சோம்பேறித்தனம்" என்று சொல்றவங்களும் நம்ம மண்டபத்திலேயே இருக்காங்க.

இனி விரதம். தைப்பூசத்துக்கும் புரட்டாசிக்கும் விரதம் இருக்கணும்னு அவங்களுக்கும் ஆசை இருக்கு. இரும்பை இறக்கும் மருந்துகளில் சில, உடம்பில் தண்ணீர் குறைந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்துகொண்டு மாத்திரை போடுவதும் தப்பு, விரதத்துக்காக மாத்திரையை நிறுத்துவதும் தப்பு. சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிட்டு, தண்ணீரும் மாத்திரையும் தவறாமல் எடுத்துக்கிட்டு விரதம் இருக்கலாமான்னு டாக்டரிடம் கேட்டுத்தான் அவங்க செய்றாங்க. மண்ணீரலை எடுத்தவர்கள் இன்னும் கவனம். அவங்களுக்குக் காய்ச்சல் வந்தா திருநீறு பூசிட்டு காலை வரைக்கும் பொறுத்துப் பார்க்கிற விஷயம் இல்லை, அதே ராத்திரி எமர்ஜென்சிக்குப் போகணும். திருநீறு போற வழியில் பூசிக்கலாம். அலகு குத்துறதையும் தீமிதியையும் அம்பாள் இவங்களிடம் கேட்கவில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. யாராவது "நேர்த்திக்கடன் செஞ்சா ரத்தம் ஏத்தறதே தேவைப்படாது" என்று சொன்னால், தயவுசெய்து எங்களிடம் கூட்டிக்கிட்டு வாங்க, நாங்க பேசிக்கிறோம்.

இப்போ எல்லாரும் தொடப் பயப்படுற பேச்சு, கல்யாணம்.

தாய்க்கும் தகப்பனுக்கும் தலசீமியா கூறு இருந்தால்தான் பிள்ளைக்குக் கடுமையான நோய் வரும், ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. கூறு மட்டும் உள்ளவர் நோயாளி இல்லை. கல்யாணம் பண்ணலாம், வேலை செய்யலாம், நூறு வயசு வரை இருக்கலாம். பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே முடிக்கிற நம்ம வழக்கத்தில், இரண்டு பேருக்கும் ஒரே கூறு இருக்கிற வாய்ப்பு கூடுது. மலேரியா இருந்த நாடுகளில்தான் இந்தக் கூறு அதிகம், ஏனென்றால் அது மலேரியாவில் சாகாமல் ஓரளவு காப்பாற்றும். ரப்பர் தோட்டங்களில் நம்ம ஆளுங்க மலேரியாவில் கொத்துக் கொத்தாகச் செத்த காலத்தை நினைச்சுப் பாருங்க. அவமானப்பட இதில் ஒண்ணுமே இல்லை.

2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்கு அரசாங்கமே பள்ளியில் பரிசோதனை செய்யுது. பெற்றோர் கையெழுத்து வேணும். அந்தப் பாரத்தைப் பையிலேயே விட்டுடற பெற்றோர் நமக்குள்ள இருக்காங்க. "ரிசல்ட் வெளிய தெரிஞ்சா பொண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது" என்று ஒரு பயம். பத்துப் பொருத்தம் பார்க்க ஒரு சோசியரை விட்டு இன்னொரு சோசியர் என்று அலையறோம், ரத்தத்தை மட்டும் மறைக்கிறோம்.

சைப்ரஸ் தீவில் ஏழு பேரில் ஒருவருக்கு இந்தக் கூறு. 1980-களின் தொடக்கத்தில் அங்குள்ள தேவாலயம் ஒரு முடிவெடுத்தது: கல்யாணத்துக்கு வருகிற ஜோடி ரத்தப் பரிசோதனை செய்த சான்றிதழ் கொண்டு வரணும். முடிவு என்ன வந்தாலும் தேவாலயம் கல்யாணத்தைத் தடுக்காது. தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுங்க, அவ்வளவுதான். நோயோடு பிறக்கும் பிள்ளைகள் மிகவும் குறைஞ்சு போனாங்க. நம்ம ஜோகூரே 2001-ல் முஸ்லிம் ஜோடிகளுக்குக் கல்யாணத்துக்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம். அப்படியிருக்க, கோயில் கல்யாணப் பதிவுப் பாரத்தில் "தலசீமியா பரிசோதனை செய்தாச்சா?" என்று ஒரு வரி போடுவதில் என்ன தப்பு? முடிவைக் கேட்க வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். செய்யலைன்னா கிளினிக் கெசிஹாத்தானுக்கு வழி சொல்லி அனுப்பலாம். நிர்வாகத்திடம் இதைக் கேட்டிருக்கிறோம்.

ஆனா ஒண்ணு. இதைக் கூட்டத்தில் பேசிக்கிட்டிருந்தப்போ, "இனிமே இப்படிப் பிள்ளைங்க பிறக்கவே கூடாது" என்று ஒருத்தர் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னார். தங்கச்சி அங்கேயே மாலை கட்டிக்கிட்டு இருந்தாங்க. தலை நிமிரவில்லை. அப்புறமாக எங்களிடம், "அண்ணே, டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, நல்லதுதான். ஆனா என்னைக் காட்டி பயமுறுத்தாதீங்க. நான் உதாரணம் இல்ல, ஆளு" என்றாங்க. அதனால்தான் இந்தப் பதிவில் கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க அன்றாடத்தை எழுதினோம். நாட்டின் தலசீமியா பதிவேட்டில் 2018-லேயே சுமார் 8,000 பேர் உயிரோடு இருந்தாங்க. வேலை, காதல், கடன், கோயில் என்று எல்லாம் இருக்கிற 8,000 பேர். எலும்பு மஜ்ஜை மாற்றினால் குணமாக வழி உண்டு, வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே தலசீமியாவுக்கு அதைச் செய்தாங்க. ஆனா பொருந்துகிற உடன்பிறப்பு எல்லாருக்கும் அமையாது. அவங்களுக்கு மாசா மாசம் நம்ம ரத்தம்தான்.

தங்கச்சிக்கு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 30 பை. நாம ஒருத்தர் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, வருஷத்துக்கு நாலு தடவை கொடுத்தால், அவங்க ஒருத்தருக்கே ஏழு, எட்டு பேர் வேணும். நோன்பு மாதத்திலும் பெருநாள் விடுமுறையிலும் ரத்தம் கொடுக்க வர்றவங்க குறைஞ்சுடுவாங்க. அந்த நேரத்தில் கொடுக்க நாம்தான் சரியான ஆளுங்க. அலகு குத்தினவங்க அதுக்கப்புறம் சில மாதங்கள் ரத்தம் கொடுக்க முடியாது. அதனால் காவடி எடுக்கிறவங்க விரதம் தொடங்குறதுக்கு முன்னாடியே ஒரு பை கொடுத்துட்டு மாலை போட்டுக்கோங்க.

18 வயசுக்கு மேல், 45 கிலோவுக்கு மேல் இருக்கணும். முந்தின ராத்திரி ஐந்து மணி நேரமாவது தூங்கியிருக்கணும், பாலம் தாண்டி வேலைக்குப் போறவங்க லீவு நாளில் வாங்க. ஐசி மறக்காதீங்க. வெறும் வயிற்றோடு வர வேண்டாம், பசியாறிட்டு வாங்க.