திறந்து கிடக்கும் வாசல்

அதிகாலையில் கூட்டேரிப்பட்டுச் சந்திப்பில் சற்று நேரம் நின்று பாருங்கள். திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்த அவ்வூரில், சான்றிதழ்க் கோப்பை மார்போடு அணைத்துச் சென்னைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் இளைஞர்களைக் காண்பீர்கள். நேர்முகத் தேர்வுக்குப் புறப்பட்டவர்கள் அவர்கள். சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்று. பெற்றோர் துஆச் செய்து வழியனுப்பியும் ஆயிற்று. ஆனால், தேர்வு செய்யப்போகிறவர் அவர்களை முன்னரே பார்த்திருக்கக்கூடும். நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் அவர்கள் எழுதியவற்றையும் இட்ட படங்களையும், தம் வீட்டில் அமர்ந்தபடியே அவர் புரட்டி முடித்திருக்கக்கூடும்.

முற்காலத்திலும் முதலாளிகள் விசாரிக்காமல் ஆள் எடுத்ததில்லை. தலைமையாசிரியரைக் கேட்பார்கள், ஜமாஅத்துப் பெரியவரைக் கேட்பார்கள். கேட்கப்பட்டவர், "பையன் கோபக்காரன்தான், ஆனால் கை சுத்தம்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வார். அந்த ஒரு வார்த்தையில் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ! இன்று கேட்கப்படுவது ஒரு திரை. அது காட்டும், விளக்கம் சொல்லாது.

பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதைத் திருமறையின் 49-ஆம் அத்தியாயம் 12-ஆம் வசனம் விலக்குகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் இரவு உலாவில் ஒரு வீட்டின் சுவரேறி, உள்ளே நடந்த குற்றத்தைக் கண்டதாக நூல்களில் ஒரு செய்தி உண்டு. அகப்பட்ட மனிதர், 'நான் செய்த பிழை ஒன்று. துருவிப் பார்த்தது, வாசல் வழி வராதது, அனுமதி கேளாதது எனத் தாங்கள் செய்த பிழைகள் மூன்று' என்ற கருத்தில் பதிலளித்தார். நாடாளும் கலீஃபா அதை ஏற்றுத் திரும்பினார்கள்.

'நான் சுவரேறவில்லையே, வாசல் திறந்துதானே கிடந்தது' என்பார் இன்றைய முதலாளி. அவர் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. நம் நாட்டுச் சட்டமும் அந்தப் பாதியின் பக்கமே நிற்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தனர். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தது. ஆனால் ஒருவர் தாமாகவே பொதுவெளியில் வைத்த விவரங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பூட்டாத பக்கத்துக்குச் சட்டத்தின் காவல் இல்லை என்பதை வீட்டுக்கு வீடு அறிந்திருக்க வேண்டும்.

மீதிப் பாதியைப் பார்ப்போம். திறந்த வாசல் வழியே முதலாளி எதைக் காண்கிறார்? இந்தியாவில் சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்னும் ஆய்வாளர்கள் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நாளிதழ் விளம்பரங்களுக்குச் சம தகுதியுள்ள விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றி அனுப்பினர். உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்த வாய்ப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே முஸ்லிம் பெயருக்குக் கிட்டியது. வெறும் பெயருக்கே இந்த நிலை! அமெரிக்காவில் அக்விஸ்தி, ஃபோங் என்னும் இருவர் 4,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினர். மார்க்கத்தை விண்ணப்பத்தில் எழுதாமல், வலைத்தளப் பக்கத்தில் மட்டும் தெரியவைத்தனர். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. குடியரசுக் கட்சியின் செல்வாக்கு மிகுந்த பகுதிகளில் முஸ்லிம் விண்ணப்பதாரருக்கு வந்த அழைப்புகள் குறைந்தன. நேர்முகத்தில் கேட்கத் தயங்கும் கேள்விக்கு ஒரு பெருநாள் படம் விடை சொல்லிவிடுகிறது. தள்ளப்பட்டவனுக்குக் காரணம் தெரியாது. எனவே வழக்கும் இல்லை.

இவ்விடத்தில் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். 2020 ஏப்ரலில், முஸ்லிம்களை இழித்து வலைத்தளத்தில் எழுதிய இந்தியர் சிலர் ஐக்கிய அரபு நாட்டில் வேலை இழந்தனர். அன்று நம்மில் பலர் மகிழ்ந்தோம். பிற மனிதரை வெறுத்து எழுதுகிறவனோடு ஒரே கூடத்தில் பலர் வேலை செய்ய வேண்டியிருப்பதால், அது முதலாளிக்குரிய விஷயம் என்பதே என் கருத்து. ஆனால் அதே அளவுகோலை நம் பிள்ளைகள் எழுதும் ஏளனத்திற்கும் வைக்கத் துணிய வேண்டும். ஒருவன் தொழுவதும், ஒரு பெண் முக்காடிடுவதும் அந்த அளவுகோலுக்குள் வருவன அல்ல.

கடல் கடக்க விரும்புவோருக்கு வாசல் இன்னும் அகலமாகிவிட்டது. அமெரிக்க விசா விண்ணப்பத்தில் ஐந்தாண்டுக் கால வலைத்தளக் கணக்குகளை 2019 முதல் கேட்கிறார்கள். கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்குமாறு 2025 ஜூனில் மாணவர்களுக்கும், அவ்வாண்டு டிசம்பரில் எச்-1பி விசாவில் வேலைக்குச் செல்வோருக்கும் உத்தரவிடப்பட்டது. அங்கே பூட்டி வைப்பதே சந்தேகத்திற்கு இடம் தரும்.

ஆகவே பெற்றோரே, பிள்ளையின் பக்கத்தை அவனுடன் அமர்ந்து ஒருமுறை பாருங்கள். அவனுக்குத் தெரியாமல் பார்ப்பதும் துருவுதலே. எழுதியதற்கு வெட்கப்பட்டால் நீக்கட்டும், கேட்டால் ஒப்புக்கொள்ளட்டும். பொய்ப் பெயரில் இன்னொரு கணக்குத் தொடங்கச் சொல்லாதீர்கள்.

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் கடை நடத்தும் சகோதரர்களே, நீங்களும் ஆள் எடுக்கிறீர்கள். கல்லாவில் அமர்த்தப்போகும் பையனின் பக்கத்தை நீங்களும் புரட்டுகிறீர்கள். பார்த்துத்தான் ஆகவேண்டுமென்றால், முதலில் அவனை அழைத்துப் பேசுங்கள். பிறகு, பார்க்கப்போவதாக அவனிடம் சொல்லிவிட்டுப் பாருங்கள். மனத்தை உறுத்துவது ஏதேனும் இருந்தால் அவனிடமே கேளுங்கள். பழைய படமொன்றில் அவன் தோளில் கைபோட்டு நிற்பவன் யார் என்பது அவனுக்குத்தான் தெரியும்.