ஆச்சே மக்கள் ஊர் திரும்பினார்கள், நிக்கோபார் மக்கள் காத்திருக்கிறார்கள்

தில்லியில் அமர்ந்து ஆங்கில, இந்தி ஆவணங்களைத் தமிழாக்குவது என் பணி. பெரிய நிக்கோபார் தீவு பற்றிய ஒன்றிய அரசின் திட்ட ஆவணம் மேசைக்கு வந்தபோது தலைப்பிலேயே பேனா நின்றது. 'ஹோலிஸ்டிக் டெவலப்மென்ட்' என்கிறது ஆவணம். 'முழுமையான வளர்ச்சி' என்று எழுதினேன். உள்ளே படிக்கப் படிக்க, முழுமையாக இழக்கப்போகிறவர்கள் யார் என்பதுதான் தெரிந்தது. சில சொற்களைப் பிழையின்றி மொழிபெயர்த்துவிட முடிகிறது. ஆனால் அவை மறைக்கும் செய்தியையும் சேர்த்து எழுதாவிட்டால் வாசகனுக்கு உண்மை போய்ச் சேர்வதில்லை.

இந்தியாவின் தென்கோடி முனை கன்னியாகுமரி என்றுதான் பள்ளியில் படித்தோம். நாட்டின் எல்லை உண்மையில் முடிவது பெரிய நிக்கோபாரில் உள்ள இந்திரா முனையில். அங்கிருந்து இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். சென்னையோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. நிக்கோபார் ஊர்ப்பெயர்களிலேயே இந்த அண்மை பதிந்துள்ளது. புலோ மிலோ, புலோ பாபி என்ற பெயர்களில் முன்னிற்கும் 'புலோ' என்பது மலாய் மொழியிலும் ஆச்சே மொழியிலும் தீவைக் குறிக்கும் சொல்தான்.

தமிழரும் இக்கடற்பரப்புக்குப் புதியவர்கள் அல்லர். முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டையொட்டி நடத்திய கடற்படையெடுப்பில் கொண்ட ஊர்களின் வரிசை தஞ்சைக் கோயில் கல்வெட்டில் உள்ளது. அதில் வரும் இலாமுரிதேசம் இன்றைய ஆச்சேயின் வடமுனை. மாநக்கவாரம் என்பது நிக்கோபார். அப்படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாட 2025 ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பிரதமர் வந்தார். சோழர் கடல் வலிமை வானளாவப் புகழப்பட்டது. அந்தப் பட்டியலில் உள்ள மாநக்கவாரத்தில் இன்று வாழும் மக்களுக்கு அதே அரசு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை எந்த மேடையும் பேசவில்லை.

ஒரே அலை, இரண்டு கரைகள்

2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ராவின் வடமேற்கே கடலடியில் எழுந்த நிலநடுக்கம் ஆச்சே கரையையும் நிக்கோபார் கரையையும் ஒருசேரத் தாக்கியது. இந்தோனேசியாவில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆச்சே மக்கள். நம் நாகப்பட்டினமும் அன்று அழுதது. பெரிய நிக்கோபாரின் தென்முனை நான்கு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்து, கரையில் நின்ற கலங்கரை விளக்கம் நீருக்குள் நின்றது. கச்சால் தீவில், சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து திரும்பி ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட நம் மலையகத் தமிழரும் அவ்வலையைக் கண்டவர்கள்.

அதன் பிறகு நடந்ததை ஒப்பிட்டால்தான் நமக்குப் பாடம் கிடைக்கும்.

ஆச்சேயின் கரையோரக் கிராமம் செழிப்பான ஊரன்று. சில நூறு வீடுகள், நெல்வயல், தென்னை, சிறு படகுகள், தொழுகைக்கும் ஊர்க்கூட்டத்துக்கும் பொதுவான ஒரு மண்டபம் என்ற அளவில்தான் அதன் வாழ்வு. கிராமத்தை 'கம்போங்' என்பார்கள். ஊர்த்தலைவர் கெச்சிக். கடலுக்குத் தனியே ஒரு மரபுத் தலைவர் உண்டு. அவர் பங்லிமா லாவுட். எந்த நாளில் கடலுக்குப் போகலாகாது, வலைச் சண்டையை எப்படித் தீர்ப்பது என்பதையெல்லாம் அவரே முடிவுசெய்கிறார். வெள்ளிக்கிழமை அங்கே கடலுக்கு ஓய்வு. 2004க்குப் பிறகு டிசம்பர் 26ஆம் நாளும் மீன்பிடியா நாளாயிற்று.

இம்மாகாணத்தின் அருண் எரிவாயு வயலிலிருந்து 1970களின் இறுதி முதல் பல பத்தாண்டுகள் வாயு ஏற்றுமதியானது. செல்வம் ஜகார்த்தாவுக்கும் எக்ஸான் மொபில் நிறுவனத்துக்கும் போனது. ஆச்சே கிராமத்துக்கு வந்து சேர்ந்தது இராணுவம். வாயு வயலைக் காத்த படையினரின் கொடுமைகளுக்காக ஆச்சே கிராமவாசிகள் சிலர் 2001இல் அமெரிக்க நீதிமன்றத்தில் எக்ஸான் மொபில் மீது வழக்குத் தொடுத்தனர். 2023இல்தான் அது சமரசமாக முடிந்தது. இயற்கை வளம் மிகுந்த ஆச்சே இன்றும் சுமத்ராவின் ஏழை மாகாணங்களில் ஒன்றாகவே நீடிக்கிறது.

அலை ஓய்ந்ததும், கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் எவரும் வீடு கட்டக்கூடாது என்ற திட்டத்தை இந்தோனேசிய அரசு முன்வைத்தது. மீனவ மக்கள் ஏற்கவில்லை. இடிந்த வீட்டின் அடித்தளத்தின் மேலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். பட்டாக்கள் கடலோடு போயிருந்தன. எனவே உயிர் தப்பியவர்கள் கூடி, இது இன்னார் மனை, இது இன்னார் வயல் என்று தாங்களே எல்லை காட்டி வரைபடம் எழுதினர். அரசு பின்வாங்கியது, மக்கள் தயாரித்த எல்லைக் குறிப்புகளை வைத்தே பல ஊர்களில் நிலவுரிமை மீண்டும் பதியப்பட்டது. 2005 ஆகஸ்டில் ஹெல்சின்கியில் அமைதி உடன்பாடும் கையெழுத்தானது.

ஆச்சேயைச் சொர்க்கமாகக் காட்ட நான் வரவில்லை. செம்பனைத் தோட்ட முதலாளிகள் அங்கே காட்டைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த புயல்மழையில் சுமத்ராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, வெள்ளத்தோடு மரக்கட்டைகளும் ஊருக்குள் வந்து குவிந்ததை உலகமே பார்த்தது. மத நீதியின் பெயரால் பெண்கள் மீது கண்காணிப்பும் இருக்கிறது. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. ஆச்சே கிராமத்தான் தன் ஊருக்குத் திரும்பினான்.

ராஜீவ் நகரின் இருபது ஆண்டுகள்

பெரிய நிக்கோபாரின் தெற்கிலும் மேற்கிலும் இருந்த நிக்கோபாரிகளின் கரையோரக் கிராமங்களை அலை துடைத்தெடுத்தது. உயிர் தப்பியவர்களைக் காம்ப்பெல் பே அருகே முகாம்களுக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் ராஜீவ் நகர், நியூ சிங்கென் எனப் பெயரிட்ட குடியிருப்புகளில் வைத்தார்கள். சில காலத்துக்கு என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

பழைய ஊரில் அவர்கள் வாழ்வு எப்படி இருந்தது? கால்களின் மேல் நிற்கும் ஓலைக்குடில், சுற்றிலும் தென்னந்தோப்பு, வளர்ப்புப் பன்றிகள், தாழை இனத்துப் பெருங்கனியிலிருந்து செய்யும் உணவு, மிதவைக்கட்டை பூட்டிய தோணி, முன்னோரைப் புதைத்த மண். நம் நெய்தல் திணை அறிந்த தாழை அங்கே உணவாகவும் இருக்கிறது. நிலம் கூட்டுக்குடும்பத்துக்கு உரியது. தனி ஒருவர் விற்க முடியாது. ஊர்த்தலைவரைக் கேப்டன் என்பார்கள். ஆச்சே கெச்சிக்குக்கும் இவருக்கும் தொலைவு அதிகமில்லை.

ராஜீவ் நகரில் தோப்பு இல்லை. பன்றி வளர்க்க இடமில்லை. தோணி நிறுத்தத் தங்களுக்கென்று கரை இல்லை. கூட்டுக்குடும்பத்தைச் சிறு வீடுகளாகப் பிரித்து அடுக்கினார்கள். நிவாரணப் பணம் கைக்கு வந்த வேகத்தில் கடைக்குப் போயிற்று. தன் மண்ணில் எவரிடமும் கூலிக்கு நிற்காதவர்கள் காம்ப்பெல் பேயில் தினக்கூலிகளானார்கள். உற்பத்திக் கருவியிலிருந்தும் நிலத்திலிருந்தும் மனிதனைப் பிரித்துக் கூலியாக்கும் வரலாற்றை மார்க்ஸ் இங்கிலாந்தை வைத்து எழுதினார். அது நம் காலத்தில், நம் கொடியின் கீழ், 'மறுவாழ்வு' என்ற பெயரில் நடந்திருக்கிறது.

எங்களைப் பழைய ஊருக்கு அனுப்புங்கள் என்று அவர்கள் விடாமல் கேட்டுவருகிறார்கள். பாதையும் படகும் மருத்துவமும் தாருங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதே அந்தக் கோரிக்கையின் சாரம். பதிலாக வந்ததுதான் திட்ட ஆவணம்.

காலியிடம் என்று எழுதப்பட்ட ஊர்

நிதி ஆயோக் தீட்டிய இத்திட்டத்தின் மதிப்பு முதலில் 72,000 கோடி ரூபாய் எனப்பட்டது. பின்னர் அதையும் தாண்டியது. கலத்தியா விரிகுடாவில் பன்னாட்டுச் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரியம் ஆகியவை அதில் அடங்கும். மொத்தம் 166 சதுர கிலோமீட்டர். அதில் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு. பழங்குடிக் காப்பு நிலத்திலிருந்து 84 சதுர கிலோமீட்டர் நீக்கப்படும். ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்படும் என்று அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. இன்று எட்டாயிரம் பேர் அளவில் வாழும் தீவில் மூன்றரை லட்சம் பேர் குடியேறுவார்கள் என்பது திட்டத்தின் கணக்கு. அதற்குள் நிக்கோபாரிகள் ஆயிரத்துச் சொச்சம் பேர். காட்டுக்குள் வெளியுலகத் தொடர்பு மிகக் குறைவாக வாழும் ஷோம்பென் மக்கள் இருநூற்றுச் சொச்சம் பேர். வெளியிலிருந்து வரும் ஒரு சாதாரணக் காய்ச்சலே ஷோம்பென் இனத்தை அழித்துவிடக்கூடும் என்று இனப்படுகொலை ஆய்வாளர்கள் 39 பேர் 2024 பிப்ரவரியில் குடியரசுத் தலைவருக்கு எழுதி எச்சரித்தனர்.

வெட்டப்படும் காட்டுக்கு ஈடாக மரம் நடப்போகும் இடம் ஹரியானா. நான் தில்லியிலிருந்து பேருந்தில் கடக்கும் அதே ஹரியானாதான்! வெயிலில் புழுதி பறக்கும் அந்நிலத்தில் நடும் கன்றுகள் நிலநடுக்கோட்டு மழைக்காட்டுக்கு ஈடாகுமா? பேராமை முட்டையிடும் கரை அங்கே வருமா? ஷோம்பென் குடும்பம் அங்கே வேட்டைக்குப் போகுமா?

2022 ஆகஸ்டில் தடையின்மைச் சான்றில் பழங்குடி மன்றம் கையொப்பமிட்டது. தாங்கள் திரும்பக் காத்திருக்கும் பழைய ஊர்நிலங்களும் திட்டத்துக்குள் வருகின்றன என்பது தெரியவந்ததும், அதே ஆண்டு நவம்பரில் அச்சான்றைத் திரும்பப் பெற்றது. உண்மை மறைக்கப்பட்டது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. ஆனால் சுற்றுச்சூழல் அனுமதி அம்மாதமே வழங்கப்பட்டுவிட்டது. வன உரிமைகள் அனைத்தும் தீர்த்துவைக்கப்பட்டுவிட்டதாகத் தீவு நிர்வாகம் சான்றளித்திருக்கிறது. அந்த வேலை தொடங்கவே இல்லை என்று பழங்குடி மன்றம் ஒன்றிய அமைச்சருக்கு எழுதியிருக்கிறது. இது தொடர்பாகக் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்துக்காக நாடாளுமன்றத்திலும் தெருவிலும் போராடியவர்கள் இடதுசாரிகள். அச்சட்டத்தை ஒரு சான்றிதழ்த் தாளால் புதைக்க விடலாமா?

இரண்டு வாதங்கள்

திட்டத்தை ஆதரிப்போரின் முதல் வாதம் நாட்டுப் பாதுகாப்பு. மலாக்கா நீரிணையின் வாயிலில் நமக்குக் கண்காணிப்பு வேண்டாமா என்கிறார்கள். வேண்டும். அதற்காகவே காம்ப்பெல் பேயில் 2012 முதல் ஐஎன்எஸ் பாஸ் என்ற கடற்படை விமானத் தளம் இயங்கிவருகிறது. அதைச் செம்மைப்படுத்துவதை எவரும் எதிர்க்கவில்லை. மூன்றரை லட்சம் பேருக்கான நகரியமும் சுற்றுலா விடுதியும் எந்தப் போர்க்கப்பலைக் காக்கும்? பாதுகாப்பு என்ற சொல் இங்கே பயன்படுவது தகவலை மறைக்கத்தான். பசுமைத் தீர்ப்பாயம் 2023இல் அமைத்த உயர்நிலைக் குழுவின் அறிக்கையும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. மேலும், நாட்டின் மிக உயர்ந்த நிலநடுக்க ஆபத்து மண்டலத்தில், இருபது ஆண்டுகளுக்கு முன் தரையே தாழ்ந்த கரைக்கு அருகில், பெருந்துறைமுகம் கட்டுவது எந்த வகைப் பாதுகாப்பு?

இரண்டாவது வாதம் நம்மவர்களிடமும் கேட்கிறது. பழங்குடிகளை அருங்காட்சியகப் பொருளாக வைத்திருக்க வேண்டுமா, அவர்களும் முன்னேற வேண்டாமா? இதை எளிதாகத் தள்ளிவிடக்கூடாது. நிக்கோபாரிகள் பள்ளிக்கூடம் வேண்டாமென்றோ மருத்துவமனை வேண்டாமென்றோ சொல்லவில்லை. அவற்றை அவர்கள்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் மண்ணில் வேண்டும் என்கிறார்கள், அவ்வளவுதான். ஆயிரம் பேருக்குப் படகும் செவிலியரும் ஆசிரியரும் தர இருபது ஆண்டுகளாக இயலாத அரசு, 72,000 கோடிக்குத் துறைமுகம் கட்ட மட்டும் இயலும் என்கிறது. இதில் வளர்வது யார் என்பதை நம் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அருண் வயலின் வாயுவால் ஆச்சே கிராமம் வளர்ந்திருந்தால், இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

நாம் செய்ய வேண்டியது

பெரிய நிக்கோபார் ஓட்டு எண்ணிக்கையில் ஒரு பொருட்டே அல்ல. தேர்தல் கணக்குப் பார்ப்பவர்கள் இதைத் தொடமாட்டார்கள். அதனால்தான் நாம் தொட வேண்டியிருக்கிறது. பழங்குடி மன்றத்தின் முழு ஒப்புதல் கிடைக்கும்வரை திட்டத்தை நிறுத்த வேண்டும். வன உரிமைச் சட்டத்தின்படி நிலவுரிமையை முறையாகப் பதிய வேண்டும். சுனாமிக்கு முன்னிருந்த கிராமங்களுக்குத் திரும்ப விரும்புவோருக்குப் பாதையும் படகும் மருத்துவ வசதியும் அமைக்க வேண்டும். உயர்நிலைக் குழுவின் அறிக்கையை வெளியிட வேண்டும். இக்கோரிக்கைகளை நம் கிளைக் கூட்டங்களிலும், குறிப்பாகக் கடலோர மாவட்டங்களின் மீனவர் அமைப்புகளிலும் பேச வேண்டும். கரையை இழப்பது என்னவென்று நாகையிலும் கடலூரிலும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆச்சேயை ஒட்டிய சிமுலுவே தீவில் 'ஸ்மோங்' என்றொரு சொல் உண்டு. 1907இல் வந்த பேரலையின் நினைவை, நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்ற எச்சரிக்கையாகத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். 2004இல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அத்தீவு மக்களில் அலைக்குப் பலியானவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அம்மண்ணில் வாழ்ந்தவர்களின் அறிவு முழுவதும் இருந்தது. ராஜீவ் நகரின் தகரக் கூரைக்குக் கீழே முதுமையடையும் நிக்கோபாரிகளிடமும் அப்படிப்பட்ட அறிவு இருக்கிறது. அவர்கள் ஊர் திரும்பாமலே இறந்துபோனால், அதை மொழிபெயர்த்துத் தர எவராலும் முடியாது.